சின்னதை முதலில் கேட்டவர்கள்

இணையத்தில் ஒரு பக்கம் திறக்கும்வரை என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. மின்கட்டணம் கட்டுவதானாலும் சரி, ரயில் டிக்கெட் பார்ப்பதானாலும் சரி, திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். விடுதி அறையில் என்னோடு இருக்கும் பெண், "உக்காருடி, எனக்கே தலை சுத்துது" என்பாள். இந்த வியாதி எனக்கு எப்போது வந்தது என்று நன்றாகவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று காத்துக்கிடந்த வாரங்களில் வந்தது. பிறகு போகவே இல்லை.

அப்போது நாங்கள் மூலக்குளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அப்பா பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஆலை மூடிய பிறகு பெயின்ட் வேலைக்குப் போனார், லோடு ஏற்றினார், கடைசியில் சாரம் என்ற பகுதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வாட்ச்மேன் ஆனார். அம்மா பீச் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். அப்பா எட்டாவது, அம்மா ஐந்தாவது. எங்கள் வகையறாவில் கல்லூரிக்குள் கால் வைத்தவர் அப்பா ஒருவர்தான், அதுவும் வெள்ளையடிக்க.

எனக்கு இயற்பியல் படிக்க வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அம்மா கேட்டாள். எனக்கே தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் இருந்த ஒரே ஒரு நிறமாலைமானிதான். வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வரிசையில் நின்று பாதரச விளக்கின் ஒளியைப் பார்த்தோம். பச்சைக் கோடு எல்லோருக்கும் தெரிந்தது. மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. நான் திருகைக் கொஞ்சம் திருப்பினேன். அந்த ஒற்றை மஞ்சள் கோடு பிரிந்து இரண்டாக நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. பின்னால் நின்றவள் முதுகில் இடித்து, "நவுருடி, எங்க நேரத்தையும் நீயே பாக்கற" என்று கத்தும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் எனக்குக் கிடையாது.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. டவுனில் இருந்த மகளிர் கல்லூரியில் இயற்பியலுக்கு முந்தைய ஆண்டு கடைசியாக இடம் வாங்கிய பெண்ணைவிட எனக்குக் கூடுதல். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று மூன்றையும் வாங்கினோம். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. எதிரே இருப்பவரிடம் வந்த காரியத்தை உடனே சொல்லமாட்டார். "சார், ஒரு குண்டூசி கெடைக்குமா?" என்று ஆரம்பிப்பார். குண்டூசி கிடைத்ததும் தாள்களை நிதானமாகக் குத்துவார். பிறகு, இன்றைக்கு வெயில் அதிகம் என்பார். அதற்கும் பிறகுதான் சான்றிதழ்.

இது அப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். மேலே இருப்பவரிடம் முதலில் சின்னதைக் கேட்க வேண்டும், அவர் கொடுத்துப் பழகிய பிறகு பெரியதைக் கேட்க வேண்டும். ஆலையில் ஒரு நாள் விடுப்பு வேண்டுமென்றால் அப்பா முதலில் ஒரு மணி நேரம் கேட்பாராம். அம்மா தீபாவளிக்கு விடுமுறை கேட்பதற்குப் பத்து நாள் முன்னதாகக் கெஸ்ட் ஹவுஸ் முதலாளியம்மாவிடம் பழைய தலையணை உறை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்வாள். எங்கள் கூரை மூன்று வருடமாக ஒழுகியது. வீட்டுக்காரரிடம் அப்பா முதலில் குழாய்க்கு வாஷர் கேட்டார். அடுத்த வருடம் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டார். கூரையின் முறை இனிமேல்தான் வரவேண்டும்.

விண்ணப்பம் போட மூலக்குளம் ரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அங்கே தட்டச்சு செய்யும் அக்காவைச் சுற்றி ஒரே கூட்டம். என்னையே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, "நீயே அடிச்சிக்கினு இரு, தப்பு வந்தா கூப்புடு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் முடிந்து, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று விருப்பங்களை வரிசையாகப் போடும் இடம் வந்தது. ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே டவுன் கல்லூரி, இயற்பியல் என்று தேர்ந்தெடுக்கப் போனேன்.

பின்னால் நின்ற அப்பா குனிந்து, "இது இன்னா ஒண்ணு, ரெண்டு?" என்றார்.

"எதெது வேணும்னு கேக்கறாங்கப்பா. வரிசையா போடணும்."

"மொதல்லயே டவுன் காலேஜா? இதுங்களுக்கு இன்னா ஆசை பாருன்னு நெனைக்க மாட்டாங்களா?"

"யாரு நெனைப்பாங்க?"

"பாக்கறவங்கதான். சின்னதா ஒண்ண மொதல்ல போடு. கூட்டம் கம்மியா இருக்கறது எது?"

தவளக்குப்பம் பக்கம் இருந்த கல்லூரியில் தாவரவியலுக்குக் கூட்டம் குறைவு. அதை ஒன்றாவதாகப் போட்டேன். இயற்பியலை இரண்டாவதாகப் போட்டேன்.

அப்பா சொன்னார், நான் செய்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்வது வசதியாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தத் திரைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நானும் நினைத்தேன். தாவரவியலைப் பார்த்துவிட்டு, அடக்கமான பெண் என்று நினைப்பார். அடுத்து இயற்பியலைப் பார்த்து, மதிப்பெண்தான் இருக்கிறதே, அதையே கொடுப்போம் என்பார். அந்தப் பக்கத்தின் மேலே ஆங்கிலத்தில் இருபது வரி விதிமுறைகள் இருந்தன. படிக்கத் தெரியாதவள் இல்லை நான். கூட்டத்தைப் பார்த்துப் படிக்காமல் விட்டேன்.

பட்டியல் வந்த அன்று காலை பதினொரு மணியிலிருந்து இணையதளம் திறக்கவில்லை. வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. தண்ணீர்க் குடத்தை நிரப்பினேன். பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன். இரண்டு மணிக்குப் பக்கம் திறந்தது. 'முதல் விருப்பம் ஒதுக்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. கீழே தாவரவியல்.

அம்மா கேசரி கிண்டிவிட்டாள். தெருவில் எட்டு வீட்டுக்குக் கொடுத்தாள். நான் இது முதல் படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னதைக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த சுற்றில் பெரியது வரும். அன்று மாலை பள்ளித்தோழி போன் செய்தாள். அவளுக்கு டவுன் கல்லூரியில் இயற்பியல் கிடைத்திருந்தது. என்னைவிட இருபத்தாறு மதிப்பெண் குறைவு.

"எப்படிடி?" என்றேன்.

"எப்படின்னா? மொதல்ல அதத்தான் போட்டேன். நீ ஏன்டி பாட்னியப் போட்ட? ஒனக்குத்தான் புடிக்காதே."

அவள் அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். எது வேண்டுமோ அதை முதலில் போடு என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். பிறகு தோழிதான் எனக்கு விளக்கினாள். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டு வரும். எது முதலில் கிடைக்குமோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவே பார்க்காது. முதல் விருப்பமே கிடைத்தவர்களை அடுத்த சுற்றில் சேர்க்கவும் மாட்டார்கள். அவர்களுக்குத்தான் வேண்டியது கிடைத்துவிட்டதே.

போனை வைத்துவிட்டு அந்த இருபது வரிகளையும் படித்தேன். ஏழாவது வரியில் தெளிவாக எழுதியிருந்தது.

அப்பா பகல் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கத்தினேன். சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை. "நீதானப்பா சின்னத மொதல்ல கேக்கச் சொன்ன! பாரு, சின்னதுதான் வந்துச்சு! ஜென்மத்துக்கும் இப்படியே குண்டூசி கேட்டுக்கினு இரு!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கூரையைச் சொன்னேன், வாஷரைச் சொன்னேன். அம்மா என் வாயிலேயே ஒரு அடி வைத்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த பிறகும் குனிந்தபடியே இருந்தார். பிறகு, "மாத்த முடியாதாமா?" என்று கேட்டார். எனக்கு அந்த நிமிடமே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாசலுக்குப் போய்விட்டேன்.

தாவரவியலில் சேர மூன்று நாள் கெடு. முதல் நாள் சண்டையில் போயிற்று. இரண்டாம் நாள் அப்பா லீவு போட்டு என்னைச் சேர்க்கை அலுவலகத்துக்கு அழைத்துப்போனார். வாட்ச்மேன் சட்டையைத் தவிர நல்ல சட்டை ஒன்றுதான் உண்டு, அதைப் போட்டிருந்தார். உதவி கவுன்டரில் ஒரு அம்மா. அப்பா குண்டூசி கேட்கப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கேட்கவில்லை. "மேடம், எம்பொண்ணுக்கு பிசிக்ஸ் வேணும்" என்றார். குரல் தேவைக்கு அதிகமாகச் சத்தமாக வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அம்மா பொறுமையாகவே பேசினார். தோழி சொன்னதையேதான் சொன்னார். ஒரே ஒரு வழி இருந்தது. கிடைத்த இடத்தில் சேராமல் விட்டுவிட வேண்டும். எல்லாச் சுற்றும் முடிந்து மீதி இடம் ஏதாவது இருந்தால், கடைசிச் சுற்றில் எங்கும் சேராதவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம். இயற்பியலில் மீதி இருக்குமா என்று கேட்டேன். "அது யாருக்கும்மா தெரியும்? யாராவது வேற காலேஜுக்குப் போனா இருக்கும். போகலன்னா இல்ல. கையில இருக்கறத விட்டுடாதம்மா" என்றார்.

வெளியே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். தோழி இயற்பியலை ஒரு பாதுகாப்புக்குத்தான் போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்ஜினியரிங்தான் கனவு. அதற்குத் தனிப் பட்டியல், வர இன்னும் ஒரு வாரம். அவள் போனால் ஒரு இடம் காலியாகும். அவள் போவாளா என்று தெரிவதற்குள் என் கெடு முடிந்துவிடும். இதையெல்லாம் அப்பாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த பாட்னி ஒனக்கு வேணுமா?" என்றார்.

"வேணாம்."

"சரி, வுடு."

நானே விடலாம் என்று நினைத்ததுதான். அவர் அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் பயந்துபோனேன். "கெடைக்கலன்னா ஒரு வருஷம் போயிடும்பா" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டு, வீடு வரும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அம்மா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "தெரு பூரா கேசரி குடுத்துட்டு வந்துருக்கேன். அப்பனும் பொண்ணும் நல்லா இருக்குதுடி ஒங்க லட்சணம்" என்றாள். வேலைக்குப் போகும்போது தெரு வழியாகப் போகாமல் பின்பக்கச் சந்து வழியாகப் போனாள். யாராவது, 'காலேஜ் எப்ப தொறக்குது?' என்று கேட்டுவிடுவார்களாம்.

அந்த நாட்களில் நான் நடந்த நடைக்குக் கணக்கே கிடையாது. வீட்டுக்குள் ஆறு அடிதான் நடக்கலாம். அதனால் வெளியே நடந்தேன். வில்லியனூர் ரோட்டில் ரயில்வே கேட் வரை போவேன், திரும்புவேன். போனை எடுப்பேன், வைப்பேன். தோழிக்கு இன்ஜினியரிங் கிடைக்க வேண்டும் என்று வழியில் இருந்த பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அவளுக்காக வேண்டிக்கொள்கிற நல்ல தோழி என்றுதான் பிள்ளையார் நினைத்திருப்பார். அவளிடம் தினமும் போன் செய்து, "கண்டிப்பா கெடைச்சிடும்டி" என்று தைரியம் சொன்னேன். "நீ எவ்ளோ நல்லவடி" என்றாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குக் கிடைத்தது. போனில் அவள் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் அதோடு முடியவில்லை. அவள் விட்ட இடத்துக்கு இடைச் சுற்றில் வேறொரு பெண் ஏறினாள். அந்தப் பெண் ஏன் சேரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசிச் சுற்றின் மீதி இடப் பட்டியலில், டவுன் கல்லூரி இயற்பியலுக்கு எதிரே ஒன்று என்று போட்டிருந்தது. அந்த ஒன்றுக்கு எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

மறுபடி அதே பிரவுசிங் சென்டர். அதே அக்கா. ஒன்றாவது விருப்பத்துக்கு எதிரே இயற்பியலைப் போட்டேன். "ரெண்டாவது இன்னா போடப் போற?" என்று அக்கா எட்டிப்பார்த்தார்.

"ரெண்டாவது கெடயாது" என்றார் அப்பா.

"போட்டு வைங்கண்ணா. கீழ போடறதால ஒண்ணும் போயிடாது."

"வேணாம்மா. ஒண்ணுதான் வேணும், ஒண்ணுதான் கேக்கறோம்."

அக்கா சொன்னதுதான் சரி. இந்த முறை நான் இருபது வரியும் படித்திருந்தேன். ஆனால் அப்பா முகத்தைப் பார்த்தபோது விளக்கம் சொல்ல மனம் வரவில்லை. அவர் டீ வாங்கிவரப் போன நேரத்தில் வேதியியலையும் கணிதத்தையும் கீழே சேர்த்து அனுப்பிவிட்டேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

முடிவு வந்தபோது நான் ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். கேட் மூடியிருந்தது. வட்டம் சுற்றியது. ரயில் போனது, கேட் திறந்தது, வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தன, வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு பச்சை எழுத்து வந்தது. 'முதல் விருப்பம் ஒதுக்கப்பட்டது.' போன தடவை வந்த அதே வாக்கியம். அதற்குக் கீழே இயற்பியல் என்று இருந்ததை நான்கு முறை படித்தேன். வீட்டுக்கு ஓடினேன். அம்மா மறுபடி கேசரி கிண்டவில்லை. "மொதல்ல போய் சேரு, அப்புறம் பாக்கலாம்" என்றாள். ஆனால் அன்று தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனாள்.

இந்தக் கதையை நான் யாரிடம் சொன்னாலும் இங்கே நிறுத்திவிடுவேன். கேட்பவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அப்பாவுக்கு அது அங்கே நிற்கவில்லை.

நான் சேர்ந்த மறு ஞாயிற்றுக்கிழமை, அவர் காலையிலேயே குளித்துவிட்டு அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, "சார், கூரை ஷீட்டு மாத்திக் குடுக்கணும்" என்றார். கவுன்டரில் வந்த அதே சத்தமான குரல்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவைத்தார். "மூணு வருஷமா ஒழுவலயா? பொண்ணு காலேஜ் போனதும்தான் ஒழுவுதா?" என்றார். பிறகு, "புடிக்கலன்னா காலி பண்ணிட்டுப் போய்கினே இருப்பா" என்றார். அதை வாய்ப்பேச்சாக நினைத்தோம். இரண்டு மாதத்தில் உண்மையாகவே காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சாரத்தில், அப்பா வேலை பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாடிப்போர்ஷன் கிடைத்தது. சாமான் ஏற்றிய வண்டியில் நான் புத்தகப் பெட்டி மேல் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. குண்டூசி கேட்டே காலம் தள்ளுகிறாயே என்று அவரை அன்று எப்படிக் கேட்டேன்! அவருடைய முறையில் ஒரு தப்பும் இல்லை. மனிதர்களிடம் கேட்டுக் கேட்டு, திட்டு வாங்கி வாங்கி அவர் கற்றது அது. பெரியதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஒன்றை அவர் அதுவரை தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கம்ப்யூட்டரைத்தான். அதனிடம் எப்படிக் கேட்பது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

புது வீட்டுக்காரர் அன்று மாலையே பார்க்க வந்தார். நான் உள்ளே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மேசை போட்ட மூலையில் பிளக் பாயின்ட் கிடையாது. விளக்கு வைக்க முடியாது. அப்பாவும் அதைக் கவனித்திருந்தார்; மதியமே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்திருந்தார். நான் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கால் தரையில் நிற்கவில்லை.

வெளியே அப்பாவின் குரல் கேட்டது. பழைய குரல், தாழ்ந்து, சிரித்தபடி.

"சார், காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கலாமா?"